இழந்த காலின் கணக்கு: சாலை விபத்து இழப்பீட்டை அளக்கும் வழிகள்

சாலை விபத்தில் காலை இழந்த ஒருவருக்கு எவ்வளவு பணம் தர வேண்டும், அதை யார் தர வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் இதுவரை ஒரே பதிலில் நின்றதில்லை. உறுப்புக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டுப் பார்த்தது. தவறு செய்தவன் தரட்டும் என்றது. பிறகு, தவறே இல்லாவிட்டாலும் ஏதாவது தரத்தான் வேண்டும் என்றது. வருமானத்தை வயதோடு பெருக்கிப் பார்த்தது. அண்மையில், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக் கட்டணத்தைப் பொது நிதியிலிருந்தே கட்டிவிடலாம் என்ற இடத்துக்கும் வந்திருக்கிறது. பழைய பதில் எதுவும் முழுதாக விலகிக்கொள்ளவில்லை. இன்று ஒரு தீர்ப்பாயத்தில் நடக்கும் சாதாரண வழக்கில் இவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் இருக்கின்றன.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இறந்தவர் குடும்பத்துக்கான கணக்கு கடந்த இருபது ஆண்டுகளில் ஓரளவு சீரடைந்திருக்கிறது. உயிர்பிழைத்து ஊனத்தோடு வாழ்பவரின் கணக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

உறுப்புக்கு ஒரு விலை

மிகப் பழைய முறை விலைப்பட்டியல். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னரின் சட்டத்தொகுப்பு கி.பி. 600ஐ ஒட்டியது. விரல், பல், நகம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. குடும்பங்களுக்கிடையே பழிக்குப்பழி மூளாமல் தடுப்பதே இத்தகைய பட்டியல்களின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. துல்லியமான ஈடு அப்போது யாருடைய கவலையும் இல்லை.

இந்த முறை தொழிற்சாலைகளோடு திரும்பி வந்தது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு. ஊதியமும் வயதும் அந்த விழுக்காட்டோடு சேரும்போது தொகை வந்துவிடும். முதலாளி மேல் தவறைக் காட்ட வேண்டியதில்லை. வாதத்துக்கு இடம் குறைவு என்பதால் விரைவு உண்டு, ஒரே காயத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு தொகை வருவதும் குறையும்.

குறையும் அங்கேயே இருக்கிறது. சுட்டுவிரலை இழந்த நெசவாளிக்கும் இரவுக் காவலாளிக்கும் ஒரே 14 என்பது சமத்துவம் போலத் தோன்றலாம். தறி முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆனாலும் பட்டியல் சாகவில்லை. ஊனமுற்ற குழந்தைகளுக்கான வழக்கு ஒன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம், ஊனத்தின் விழுக்காட்டுக்கு ஏற்ப 1 லட்சத்திலிருந்து 6 லட்சம் ரூபாய் வரை படிநிலைகளை வகுத்தது. வருமானமே இல்லாத குழந்தையின் எதிர்காலத்தை வேறு எப்படி அளப்பது என்ற திணறல்தான் அங்கே பட்டியலை மீண்டும் கொண்டுவந்தது.

யார் தவறு?

ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பதில் கவனக்குறைவை மையமாகக் கொண்டது. எதிர்த்தரப்பு உரிய கவனத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று காட்டினால் ஈடு உண்டு, இல்லையேல் இல்லை. இதில் ஒரு விந்தையும் இருந்தது. ஒருவரைக் காயப்படுத்தினால் பணம் தர வேண்டும். கொன்றுவிட்டால் அவர் குடும்பத்துக்குத் தர வேண்டியதில்லை. 1808இல் இங்கிலாந்தில் சொல்லப்பட்ட இந்த விதியை, ரயில் விபத்துகள் பெருகிய பின், 1846இல் சட்டமியற்றித்தான் மாற்ற முடிந்தது. இந்தியாவுக்கு அது 1855இல் வந்தது.

பெரியபுராணம் சொல்லும் திருவாரூர்த் தேர் விபத்தில் இந்தக் கவனக்குறைவுக் கேள்வியே எழவில்லை என்பதை இங்கே குறிப்பிடலாம். கன்று தானாகத்தான் தேர்க்காலில் புகுந்தது. அமைச்சர்கள் கழுவாய் போதும் என்றார்கள், மன்னன் ஏற்கவில்லை. அந்த மன்னன் மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை உண்டு. அதே வளாகத்துக்குள்தான், ஓட்டுநரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டதா இல்லையா என்று மேல்முறையீடுகள் நடக்கின்றன.

மோட்டார் வாகன விபத்துகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு 1956இல் வழிசெய்யப்பட்டது. ஆனால் தீர்ப்பாயம் மாறினாலும் விதி மாறவில்லை. கவனக்குறைவு இல்லையேல் இழப்பீடு இல்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகவே சொன்னது. பாதசாரியின் நிலையை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். மோதிய லாரியின் வேகத்தை அவர் எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

அதன்பின் நாடாளுமன்றம் படிப்படியாக இறங்கிவந்தது. 1982இல் முதன்முறையாக, தவறு யாருடையது என்று பாராமல் இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் தர வேண்டும் என்றானது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை உயர்த்தியது. 1994இல் அது 50,000, 25,000 என்றானது. ஆண்டு வருமானம் 40,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, தவறை நிறுவாமலே வாய்பாட்டின்படி முழு இழப்பீடு பெறும் வழியும் 1994இல் திறந்தது. அந்த வரம்பு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு உயர்த்தப்படவே இல்லை. விலைவாசி ஏறஏற அந்த வாசலும் ஏழைகளுக்குக்கூடக் குறுகிக்கொண்டே போனது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை நீக்கிவிட்டு, இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று இரண்டே எண்களை வைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இவை நடைமுறையில் உள்ளன.

ஆயினும் தவறு பற்றிய விசாரணை மறைந்துவிடவில்லை. 2.5 லட்சத்துக்கு மேல் கேட்பவர் மற்றொரு பிரிவின்கீழ் வந்து, கவனக்குறைவைக் காட்டித்தான் ஆக வேண்டும். குற்ற வழக்கு அளவுக்கு ஐயமற மெய்ப்பிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவில் காட்டினால் போதும் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கைதான் நடைமுறையில் அந்தக் கதையின் முதல் வரி. அதை எழுதும் நேரத்தில் காயம்பட்டவர் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை அறையில் இருக்கிறார். இரு சக்கர வாகனத்தில் மூவர் சென்றதாலேயே அவர்கள்மீது பங்குத் தவறைச் சுமத்தக் கூடாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது. எந்த அளவுக்கு இத்தகைய கழிவுகள் வழக்கமாக நடந்துவந்தன என்பதற்கு அந்த விளக்கமே ஓர் அறிகுறி.

பள்ளத்தில் விழுந்து தானே சறுக்கியவரின் நிலை இன்னும் மோசம். மோதிய வேறு வண்டி இல்லை என்றால் மூன்றாம் தரப்புக் காப்பீடு அவருக்குப் பயன்படாது. தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் உண்டு, காலாவதியாகியிருந்தால் இல்லை.

பெருக்கும் எண்

தவறு நிறுவப்பட்டபின் தொகை எவ்வளவு? நெடுங்காலம் இது நீதிபதியின் மதிப்பீடாகவே இருந்தது. ஆண்டு இழப்பை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கும் முறை 1942இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையில் உருப்பெற்றது. 1994இல் நம் உச்ச நீதிமன்றம், இதுவே சரியான முறை, விலகல் வேண்டாம் என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தோடு இணைத்த அட்டவணையில் கணக்குப் பிழைகள் மலிந்திருந்தன என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட கணக்குப் பிழையைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை. அது 2018 வரை அங்கேயே இருந்தது.

ஒழுங்கு வந்தது 2009இல், சரளா வர்மா வழக்கின் தீர்ப்பால். 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16 என்று இறங்கி, 65ஐத் தாண்டியவருக்கு 5. 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரணய் சேத்தி வழக்கில், எதிர்கால வருமான உயர்வையும் வரையறுத்தது. நிரந்தர வேலையில் உள்ள 40 வயதுக்குக் குறைந்தவருக்கு 50 விழுக்காடு, சுயதொழில் செய்பவருக்கு 40 விழுக்காடு. சரளா வர்மா தீர்ப்பின்படி சுயதொழில் செய்பவருக்கு உயர்வே பொதுவாக இல்லை என்பதால், இது சிறிய மாற்றம் ஆகாது.

இம்முறை பற்றிய எதிர்ப்பு பெரும்பாலும் கணக்கியலாளர்களிடமிருந்து வரக்கூடியது. பிரிட்டனில் 1984 முதல் ஆயுள் புள்ளிவிவரங்களிலிருந்து அட்டவணைகள் கணக்கிடப்பட்டு, அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. இங்கே 18 என்பது 18தான். வங்கி வட்டி ஏறினாலும் இறங்கினாலும், மக்களின் ஆயுள் நீண்டாலும் அது அசையாது. ஆயினும் இந்த விமர்சனம் நம் சூழலில் அளவுக்கு மீறிய கவனத்தைப் பெற்றுவிடலாகாது. காரணம் அடுத்த பகுதியில்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. முப்பது வயதுக் கொத்தனார். முழங்காலுக்குக் கீழ் கால் இல்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 40 விழுக்காடு உயர்வோடு 21,000, ஆண்டுக்கு 2,52,000, பெருக்கும் எண் 17. உழைப்புத்திறன் முழுதும் போனது என்று கொண்டால் 42,84,000 ரூபாய். சான்று இல்லை, 9,000 என்று வைத்துக்கொள்வோம் என்றும், மருத்துவக் குழு சொன்ன 60 விழுக்காடே போதும் என்றும் தீர்ப்பாயம் கருதினால் அதே மனிதருக்கு 15,42,240 ரூபாய். இரண்டிலும் பெருக்கும் எண் ஒன்றே. வயதை ஓராண்டு தள்ளி 16ஆல் பெருக்கினால்கூட மாற்றம் 6 விழுக்காட்டை எட்டாது.

அதாவது, இவ்வளவு தீர்ப்புகள் பாடுபட்டு நிலைப்படுத்திய எண், கணக்கில் மிகக் குறைவாக ஆடும் எண். ஆடுவது வருமானமும் ஊனத்தின் அளவும்.

வருமானம் பற்றி உச்ச நீதிமன்றத்தின் போக்கு பொதுவாகத் தாராளமானது. 2011இல் ஒரு கூலித்தொழிலாளி மாதம் 4,500 ரூபாய் என்று சொன்னதை, ஆவணம் இல்லாமலே ஏற்றது. 2014இல் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், இத்தகையவரிடம் கணக்குப் புத்தகம் எதிர்பார்ப்பதே பொருந்தாது என்று கூறி, உயர் நீதிமன்றம் எடுத்த 3,500ஐ 6,500 ஆக்கியது. எதிர்வாதமும் உண்டு. சொன்னதையெல்லாம் ஏற்றால் மிகைப்படுத்தலுக்கு வரம்பிருக்காது, அதன் சுமை பிரீமியம் கட்டும் எல்லோர் மேலும் விழும் என்கின்றன காப்பீட்டு நிறுவனங்கள். போலிக் கோரிக்கைகள் நீதிமன்றங்களின் கவனத்துக்கு வந்திருக்கின்றன என்பதால் இதை முற்றாக ஒதுக்க முடியாது. குறைந்தபட்சக் கூலியை அடித்தளமாகக் கொள்ளலாம் என்பது நடுவழி. ஆனால் அறிவிக்கப்பட்ட கூலிக்கும் சந்தைக் கூலிக்கும் இடையே பல தொழில்களில் இடைவெளி இருப்பதால், அடித்தளம் சில வேளைகளில் கூரையாகிவிடுகிறது.

ஊனத்தின் அளவு பற்றி 2010இல் வந்த ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு முக்கியமானது. மருத்துவர் தரும் விழுக்காடு உடலைப் பற்றியது. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பை. இடது கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் இழப்பு ஏறக்குறைய முழுமை, எழுத்தருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம் என்று அத்தீர்ப்பே எடுத்துக்காட்டு தருகிறது. கொள்கை தெளிவு. ஆனால் ஊனத்தைச் சான்றளிக்க மருத்துவக் குழு இருக்கிறது. கொத்தனாரின் பிழைப்பு எந்த அளவுக்குப் போனது என்று சொல்ல அப்படி யாரும் இல்லை. ஆகவே சான்றிதழில் உள்ள எண்ணையே தீர்ப்பாயம் பற்றிக்கொள்ளும் ஈர்ப்பு எப்போதும் இருக்கிறது.

ஊதியமே பெறாத இல்லத்தரசிகளின் கதை இன்னும் நீளமானது. 1994 அட்டவணை அவர்கள் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தது. பணக்காரர் வீட்டில் சமைத்தால் உழைப்புக்கு மதிப்பு அதிகம் என்பதே அதன் உட்பொருள். ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009இல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு, வீட்டுவேலையைப் பொருளாதார உழைப்பாகவே பார்க்க வேண்டும் என்ற வாதத்தை விரிவாக எடுத்து வைத்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் பேசியது. 2021இல் மற்றொரு தீர்ப்பு, இல்லத்தரசிகளுக்கும் எதிர்கால உயர்வு உண்டு என்றது. இருந்தும் எந்த அளவுகோலால் என்பது தீரவில்லை. சமையலாள், ஆயா எல்லோருக்கும் தரும் கூலியைக் கூட்டுவதா, அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் ஈட்டக்கூடியதை எடுப்பதா, கல்வித் தகுதியைப் பார்ப்பதா? மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு தொகை தரும்.

பணம் வருவதற்குள் கடன்

எவ்வளவு என்ற விவாதத்தில் எப்போது என்பது பின்தங்கிவிடுகிறது. 2007இல் லாரி மோதி முழு ஊனமுற்ற 12 வயதுச் சிறுமியின் வழக்கு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. உயர் நீதிமன்றம் தந்த சுமார் 25.78 லட்சம் 62.27 லட்சமானது. வாழ்நாள் முழுதும் தேவைப்படும் உதவியாளர் செலவுக்கும் பெருக்கும் முறையைப் பயன்படுத்திய நல்ல தீர்ப்பு அது. ஆனால் அதுவரை அந்தச் செலவுகளைச் சுமந்தது குடும்பம்.

காத்திருப்புக்கு ஈடாகச் சட்டம் தருவது தனிவட்டி. விகிதம் பெரும்பாலும் ஆண்டுக்கு 6 முதல் 9 விழுக்காட்டுக்குள் அமைகிறது. அதுவும் மனுத் தாக்கல் செய்த நாளுக்கு முன்னிருந்து கணக்கிடப்படாது. விபத்து நடந்த இரவில் நகையை அடகுவைத்து, மறுவாரம் நூற்றுக்கு 2 ரூபாய் மாதவட்டிக்குக் கைமாற்று வாங்கிய குடும்பத்துக்கு ஆண்டு விகிதம் 24. ஒரு லட்சத்துக்கு ஐந்தாண்டில் 7.5 விழுக்காட்டில் 37,500 ரூபாய் சேரும்போது, அந்தக் கடனில் 1,20,000 சேர்ந்திருக்கும். மருத்துவ ரசீதுகளுக்குப் பணம் கிடைக்கும். அந்த ரசீதைக் கட்ட வாங்கிய கடனின் வட்டி தனி இழப்பாகப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

கடன் பக்கத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2025இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் இச்சட்டங்களும் விபத்து இழப்பீட்டுச் சட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஒன்றில் இவர் கடனாளி, மற்றொன்றில் மனுதாரர்.

தொகை தீர்ப்பானபின்னும் இரண்டு தடைகள். படிப்பறிவு குறைந்தவர்கள் பணத்தை இழந்துவிடாமல் இருக்க, அதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. பாதுகாப்பு நோக்கம் சரிதான். நடைமுறையில் அது யந்திரத்தனமாகி, தேவைப்படுவோருக்கும் பணத்தைப் பூட்டிவைப்பதாக மாறிவிட்டது என்று 2012இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. வைப்பிலிருந்து வரும் வட்டி ஒற்றை இலக்கத்திலும் கட்ட வேண்டிய வட்டி இரட்டை இலக்கத்திலும் இருக்கும்போது, காப்பாற்றப்படுவது யார் என்று கேட்கத் தோன்றும்.

மற்றொரு தடை தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் அவ்வப்போது கண்ணில் படுவது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டால் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் விலக்கு தருகிறது. தீர்ப்புத் தொகையைக் கழகம் கட்டாதபோது, மனுதாரர் நிறைவேற்று மனு போட, நீதிமன்ற அமீனா வந்து பேருந்தை ஜப்தி செய்கிறார். பயணிகள் இறங்கி அடுத்த வண்டிக்கு நடக்கிறார்கள்.

வழக்கே வேண்டாம் என்போர்

தவறு, தொகை, தாமதம் மூன்றுக்கும் ஒரே மருந்தாக நியூசிலாந்தின் முறை அடிக்கடி சுட்டப்படுகிறது. 1967இல் நீதிபதி உட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்து, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்துக் காயத்துக்காக வழக்குத் தொடுக்கும் உரிமை நீக்கப்பட்டது. பதிலாக, யார் தவறானாலும் மருத்துவமும் வாராந்தர வருமானத்தில் 80 விழுக்காடும் பொது நிதியிலிருந்து வரும். இங்கிலாந்தில் பேராசிரியர் அட்டியா இதே திசையில் நெடுங்காலம் வாதிட்டார். அவர் பார்வையில், தவறு சார்ந்த இழப்பீட்டு முறை ஒரு குலுக்கல் சீட்டு.

விமர்சனங்கள் இரண்டு. விபத்தில் முடமானவருக்கு ஈடும் பக்கவாதத்தில் முடமானவருக்கு வெறும் உதவித்தொகையும் ஏன் என்ற கேள்விக்கு அங்கே இன்றும் திருப்தியான பதில் இல்லை. இன்னொன்று நமக்கு நெருக்கமானது. வருமானத்தில் 80 விழுக்காடு என்பதற்கு வருமானம் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். கொத்தனார் மீண்டும் அதே வாசலில் நிற்பார்.

இந்தியா எடுத்திருப்பது அரைவழி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கியபின், 2025 மே மாதம் மத்திய அரசு ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. மோதிவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்பதும் 2022 முதல் உண்டு. இவை முதல் வாரக் கடனைக் குறைக்கக்கூடும். இரண்டாம் மாதத்தைத் தொடுவதில்லை.

தீராதவை

தாமதத்தைக் குறைக்க வந்த 2019 திருத்தம், காப்பீட்டு நிறுவனம் 30 நாளில் சமரசத் தொகை முன்வைக்க வேண்டும் என்கிறது. ஏற்றுக்கொண்டால் வழக்கு முடிந்தது. கடன்காரர் வாசலில் நிற்கும் குடும்பம், செயற்கைக் கால் பொருந்துமா என்றே தெரியாத கட்டத்தில், எந்த வலுவோடு பேரம் பேசும்? விரைவும் நியாயமும் இங்கே எதிரெதிராக இழுக்கக்கூடும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நம்பகமாகச் சொல்ல, கையெழுத்தான சமரசத் தொகைகளையும் தீர்ப்பான தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே திருத்தம் மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பையும் திரும்பக் கொண்டுவந்தது. இத்தகைய கால வரம்பு 1994இல் நீக்கப்பட்ட ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆறு மாதம் போதாது என்பது அன்றைய புரிதல். புதிய வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. முடிவு எப்படி வந்தாலும், வட்டி எந்த நாளிலிருந்து ஓட வேண்டும் என்ற கேள்வி அந்த வழக்கில் இல்லை. அதை விபத்து நாளுக்கு நகர்த்தச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைத் திருத்தினால் போதும்.